பாஸ்வேர்டை மாற்றிய பிறகு

மெயில் ஹேக் ஆகிவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் அடுத்த மூச்சில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பாஸ்வேர்ட மாத்திட்டமுங்க. இனி ஒண்ணும் ஆகாதுங்களே?" திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் திருடன் வந்த வாசல் அடைபடும். உள்ளே இருந்த நாட்களில் அவன் கொல்லைப்புறத்தில் திறந்து வைத்துவிட்டுப் போன கதவுகள் அப்படியே இருக்கும். அவற்றைத் தேடி அடைப்பதுதான் என் தொழிலின் பெரும்பகுதி.

எங்கள் ஊரில் ஓர் ஆர்டர் மெயிலில் பிறந்து மெயிலில் முடிகிறது. வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் ஸ்டைல் ஷீட் அனுப்புவார். இங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் விலை சொல்வார். சாய மாதிரியான லேப் டிப் ஓகே ஆகும், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிளுக்குக் கமெண்ட் வரும். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீதான பி.எல். காப்பி எல்லாம் மெயிலிலேயே போகும். எல்.சி. என்ற வங்கிக் கடன் உறுதிப் பத்திரம் இல்லாமல் வயர் டிரான்ஸ்ஃபரில் பணம் வாங்கும் கம்பெனிகளுக்கு, பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பது அந்த இன்வாய்ஸின் அடியில் உள்ள நாலே வரி. ஹாம்பர்க்கில் இருக்கும் பையரும் காங்கேயம் ரோட்டில் இருக்கும் மெர்ச்சண்டைசரும் ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே வருடக்கணக்கில் வியாபாரம் செய்வார்கள். இந்த முகவரியிலிருந்து வந்தால் அது இவர்தான் என்ற நம்பிக்கையில் எல்லாம் ஓடுகிறது. மெயிலுக்குள் வரும் திருடனின் குறி அந்த நம்பிக்கை. வியாபார மெயிலுக்குள் புகுந்து பணத்தைத் திருப்பிவிடும் இந்த வகை மோசடி பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023ல் மட்டும் 21,489 புகார்கள் வந்தன. இழப்பு 290 கோடி டாலருக்கும் மேல்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனி. மெர்ச்சண்டைசர் பெண் ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, பையர் பணம் போட்டுட்டேன்னு ஸ்விஃப்ட் காப்பி அனுப்பியிருக்காருங்க. அதுல இருக்கிறது நம்ம அக்கவுண்ட் நம்பரே இல்லீங்க. பேங்க் பேரும் வேறீங்க." அந்தக் குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதையும் அழிக்க வேண்டாம், சிஸ்டத்தை அப்படியே விடுங்கள், பையருக்கு மெயில் போடாமல் போன் பண்ணி அவருடைய வங்கியில் உடனே பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போய் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது அவளுடைய மெயிலில், வருவதைத் தானாகப் பிரித்துப்போடும் ரூல்ஸ் பக்கம். அவளே போட்ட ரூல்கள் சில இருந்தன. அவற்றுக்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி. வேகமாகப் பார்த்தால் திரையில் ஒட்டிய தூசி என்று கண் தாண்டிப் போய்விடும். திறந்தால் உள்ளே மூன்று கட்டளைகள்: இந்த பையரின் டொமைனிலிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறி, ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்கு மாற்று. வேறு எந்த ரூலையும் பார்க்காதே. அந்த ஃபோல்டர் அவுட்லுக்கில் பலருக்கும் தானாகவே இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. நாங்கள் திறந்தோம். சில வாரத்து மெயில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் பையர் தெளிவாகவே கேட்டிருந்தார்: வங்கிக் கணக்கு ஏன் மாறியது, தயவுசெய்து உறுதி செய்யுங்கள். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கேட்ட கேள்வி அவளிடம் வந்து சேரவே இல்லை. பதில் சொன்னவன் வேறு ஆள்.

பையரிடமிருந்து அந்தப் பதில் மெயிலை வாங்கிப் பார்த்தோம். அவள் எப்போதும் எழுதும் முகமன், அவள் விடும் இடைவெளி, கடைசியில் அவள் வைக்கும் இரட்டைப் புள்ளி உட்பட எல்லாம் அவள் எழுதியது போலவே இருந்தது. அவ்வளவு நாள் உட்கார்ந்து அவளைப் படித்திருக்கிறான். அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. கம்பெனிப் பெயரில் ஆங்கில எம் வர வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்படி ஒரு டொமைனைக் காசு கொடுத்துப் பதிவு செய்திருந்தான். அவளுடைய பாஸ்வேர்டு நடுவில் மாறினாலும் பேச்சு அறுந்துபோகாமல் இருக்க அது அவனுக்கு ஏற்பாடு. சிசி வரிசையில் முதலாளியின் பெயரிலும் அதே மாதிரி ஒரு போலி முகவரி. பார்க்கிற பையருக்கு முதலாளியும் கூடவே இருக்கிறார் என்று தோன்றும்.

அவன் எப்படி நுழைந்தான் என்று பின்னோக்கிப் போனோம். வழக்கமாக ஆக்சஸரீஸ் வாங்கும் ஒரு சப்ளையரின் முகவரியிலிருந்து, ஃபைல் ஷேர் செய்திருக்கிறேன் என்று ஒரு மெயில். சப்ளையரின் மெயில் அதற்கு முன்பே ஹேக் ஆகியிருந்தது. லிங்கைத் தொட்டதும் லாகின் பக்கம் வந்தது, அவள் பாஸ்வேர்டைப் போட்டாள். முதலாளி அவளைத் திட்ட ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன். "சார், அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. தெரிஞ்ச ஆளோட மெயில்ல இருந்து வந்திருக்கு, யாரா இருந்தாலும் தொட்டிருப்பாங்க. இன்னிக்கு இவங்களத் திட்டினா, நாளைக்கு வேற யாராவது தப்பான லிங்க்கத் தொட்டுட்டு உங்ககிட்ட மறைச்சிருவாங்க." 2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் பறிபோனதும் போலி கூகுள் பக்கம் ஒன்றில் பாஸ்வேர்டைப் போட்டதால்தான். அவரைச் சுற்றி ஐ.டி. ஆட்கள் இருந்தார்கள். ஏமாறுவது அறிவுக் குறைவால் அல்ல, அவசரத்தால். காலையில் நூறு மெயில் திறக்கும் மேசையில் அவசரம் எப்போதும் இருக்கும்.

பையரின் வங்கி அன்றே ரீகால் கோரிக்கை அனுப்பியது. பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. மீதியை யார் ஏற்பது என்று இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் பேசினார்கள். இந்த வேலையில் நேரம்தான் பணம். மோசடிக் கணக்கில் விழும் தொகை அங்கே அதிக நேரம் தங்காது, அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சிதறிவிடும். மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கொடுக்கும் கால அவகாசம். அதனால்தான் திட்டாதீர்கள் என்று எல்லா முதலாளிகளிடமும் சொல்கிறேன்.

ஹேக் ஆன மெயிலைச் சுத்தம் செய்ய ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் மெஷின். சிஸ்டத்தில் மால்வேர் இருந்தால் அதில் உட்கார்ந்து மாற்றும் புதுப் பாஸ்வேர்டும் உடனே அவன் கைக்குப் போய்விடும். எங்கள் ஊர் டிசைன் டிபார்ட்மெண்டுகளில் கிராக் சாஃப்ட்வேர் போடும் பழக்கம் உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒருவகை மால்வேர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். லாகின் செய்த நிலையில் உள்ள குக்கீ கிடைத்தால் போதும், பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலேயே அவன் உள்ளே வந்துவிடுவான். ஆகவே சந்தேகம் இல்லாத வேறொரு மெஷினிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய குக்கீ செத்துப்போகும்.

அடுத்தது ரெக்கவரி போன் நம்பரும் ரெக்கவரி மெயிலும். அங்கே அவன் தன் நம்பரைப் போட்டிருந்தால் நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' கொடுத்து மறுபடி வருவான். பிறகு ஃபார்வர்டிங், ஃபில்டர், டெலிகேட் கொடுத்திருக்கிறதா, 'செண்ட் மெயில் ஆஸ்' பகுதியில் ரிப்ளை-டூ முகவரி மாறியிருக்கிறதா, கையெழுத்தில் உள்ள போன் நம்பர் நம்முடையதுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கணக்கோடு இணைத்த வெளி ஆப்கள், ஆப் பாஸ்வேர்டுகள் இவற்றில் தெரியாததை எல்லாம் நீக்குவேன். பாஸ்வேர்டை மாற்றினாலும் சில ஆப் அனுமதிகள் அப்படியே உயிரோடு இருக்கும்.

கடைசியாக, அந்த மெயிலை வைத்து அவன் வேறு எங்கெல்லாம் போனான் என்று பார்க்க வேண்டும். இன்பாக்ஸிலும் ட்ராஷிலும் 'பாஸ்வேர்ட் ரீசெட்' என்று தேடுவேன். ஜிமெயிலின் ட்ராஷில் போட்டது 30 நாள் இருக்கும், அவசரக்காரத் திருடன் அதைக் காலி செய்ய மறந்துவிடுவான். வங்கி, ஜி.எஸ்.டி. போர்ட்டல், சுங்கத் துறையின் ஐஸ்கேட், கூரியர் கணக்கு என்று பலவற்றில் மறந்த பாஸ்வேர்டை மீட்பதில் மெயிலுக்குப் பங்கு உண்டு. மெயில் போனால் மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

உள்ளேயே போக முடியாதபடி திருடன் கணக்கைப் பூட்டிவிட்டதால் தவிப்பவர்களும் என்னிடம் வருவார்கள். ஜிமெயிலாக இருந்தால் எப்போதும் பயன்படுத்தும் அதே மெஷின், அதே பிரவுசர், அதே இடத்திலிருந்து கூகுளின் அக்கவுண்ட் ரெக்கவரி பக்கத்தில் முயலச் சொல்வேன். ஞாபகம் உள்ள பழைய பாஸ்வேர்டையும் போடலாம். திருடன் ரெக்கவரி நம்பரை மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாளுக்குள் பழைய நம்பருக்கே கோடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும். அதனால் தள்ளிப்போடக் கூடாது. கஸ்டமர் கேர் நம்பர் என்று இணையத்தில் தேடி எடுத்து யாருக்கும் போன் போடவும் கூடாது. அப்படித் தேடினால் கிடைக்கும் நம்பர்களில் பல, ஏற்கெனவே நொந்துபோனவரை இரண்டாவது முறை கொள்ளையடிக்க வைத்திருப்பவை.

பணம் பெரிதாகப் போகாமலும் ஒரு மனிதரை இது நொறுக்கிவிடும் என்பதை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பார்த்தேன். பல்லடம் பக்கத்துக்காரர். அவர் பெயரில் அவருடைய பழைய மாணவர்கள் எல்லாருக்கும் மெயில் போயிருந்தது: ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், போனில் பேச முடியாது, கொஞ்சம் பணம் அனுப்பு. ரிப்ளை-டூவில் ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரி இருந்ததால் கலங்கிப்போய் மாணவர்கள் எழுதிய பதில் எதுவும் அவரிடம் வரவில்லை. சிலர் பணமும் அனுப்பிவிட்டார்கள். ஐயா என் எதிரில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "என் பேரச் சொல்லிக் கேட்டிருக்கான் தம்பி. நான் கேட்டேன்னுதான் குடுத்திருக்காங்க." கணக்கை மீட்டுக் கொடுத்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் என் கடையிலிருந்தே போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். நம் மெயிலைப் பாதுகாப்பது நமக்காக மட்டும் செய்யும் காரியமல்ல என்று நான் சொல்வதற்கு அவரே காரணம்.

அவருடைய பாஸ்வேர்டு எப்படிக் கசிந்தது என்று பார்த்தால், மெயிலுக்கு வைத்த அதே பாஸ்வேர்டை அவர் பதிவு செய்த எல்லாத் தளங்களிலும் வைத்திருந்தார். 2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாத எழுத்துகளாகவே திருடுபோயின. அதில் கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. லிங்க்ட்இன்னிலிருந்து 2012ல் திருடுபோனவை 2016ல் சந்தைக்கு வந்தபோது பதினோரு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் அதில் இருந்தது. இப்படிக் கசிந்தவற்றை எடுத்து, ஆளில்லாமல் ஓடும் புரோகிராம்களால் மற்ற தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு சின்னத் தளத்தின் அலட்சியத்துக்கு உங்கள் மெயில் விலை கொடுக்கும். உங்கள் முகவரி இப்படிக் கசிந்த பட்டியல்களில் இருக்கிறதா என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹண்ட் 2013ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்களை அருகில் உட்கார வைத்து அதைக் காட்டுவேன். அறிவுரையைவிட அந்தச் சிவப்புத் திரை வேகமாக வேலை செய்யும்.

எழுத்தைத் திரித்து, எண்ணும் குறியும் சேர்த்து, அடிக்கடி மாற்றி வைப்பதுதான் நல்ல பாஸ்வேர்டு என்று பல கம்பெனிகள் இன்றும் நம்புகின்றன. 2003ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக அப்படி எழுதிக் கொடுத்தவர் பில் பர். 2017ல் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்தார். அதே வருடம் நிஸ்ட்டும் அந்த விதியைக் கைவிட்டது. காரணம் எங்கள் அலுவலகங்களிலேயே தெரியும். மாதாமாதம் மாற்றச் சொன்னால் கம்பெனிப் பெயர், அட் குறி, 01 என்று வைத்து, அடுத்த மாதம் 02 என்பார்கள். நான் நீளத்தைக் கேட்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறள் வேண்டாம், பழமொழி வேண்டாம், சினிமா வசனம் வேண்டாம், பிள்ளைகள் பெயர் வேண்டவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அகராதியின் நாலு பக்கங்களைப் புரட்டி விரல் வைத்த இடத்துச் சொல் போதும். அப்படி ஒன்று மெயிலுக்கு, இன்னொன்று பாஸ்வேர்டு மேனேஜருக்கு. மற்ற எல்லாவற்றையும் மேனேஜரே உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். பிட்வார்டன், கீபாஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. மேனேஜரில் இன்னொரு நன்மை உண்டு. எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் வைத்த போலிப் பக்கத்தில் நம் கண் ஏமாறும். பிரவுசரோடு இணைத்த மேனேஜர் அங்கே பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. நிரப்பவில்லை என்றால் நின்று முகவரியைப் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வைக்கும் பாஸ்கீ அதைவிட ஒரு படி மேல். உண்மையான தளத்தைத் தவிர வேறெங்கும் அது வேலை செய்யாது. இதெல்லாம் வராத பெரியவர்களிடம் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள் என்றே சொல்கிறேன். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. மானிட்டரில் ஒட்டி வைப்பதுதான் கூடாது.

டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடலாம் என்றால் எங்கள் ஊர் அலுவலகங்களில் ஒரே பதில்தான் வரும்: "ஒரே ஐ.டி.ய அஞ்சாறு பேர் பாக்கறமுங்க, ஓடிபி முதலாளி போனுக்குப் போயிரும், அவரு டையிங்ல இருப்பாரு." இது நியாயமான சிக்கல். ஆளுக்கொரு முகவரி கொடுத்து, பொதுவான முகவரிக்கு வருவது எல்லாருக்கும் போய்ச் சேரும்படி குரூப்பாக அமைத்தால் இது தீரும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்று மாலையே மூடிவிடவும் முடியும். ஓடிபியை எஸ்.எம்.எஸ்.ஸில் வாங்குவதைவிட ஆத்தெண்டிகேட்டர் ஆப் நல்லது, டூப்ளிகேட் சிம் எடுத்து ஏமாற்றும் வழி அதில் இல்லை. கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளை பிரிண்ட் எடுத்து லாக்கரில் வைக்கச் சொல்வேன். போன் தொலைந்த அன்றைக்கு அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லும் அதே நேரத்தில் 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். அடுத்தவரின் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவும் இருக்கின்றன. இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. புகாருக்குப் போகும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 'ஷோ ஒரிஜினல்' கொடுத்து, ஹெட்டர் விவரத்தோடு முழு மெயிலையும் டவுன்லோடு செய்து கொண்டுபோக வேண்டும். மெயில் எந்த சர்வர் வழியாக வந்தது என்பது அதில்தான் இருக்கும். கோபத்தில் திருடனின் மெயிலை டெலீட் செய்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அது சாட்சியை அழிப்பது.

இத்தனையும் செய்த பிறகும் நம் பக்கம் சுத்தமாக இருந்து பையர் பக்கம் ஹேக் ஆகலாம், சப்ளையர் பக்கம் ஆகலாம். அதற்குப் பாஸ்வேர்டில் மருந்து கிடையாது. அதனால் நான் சர்வீஸ் செய்யும் கம்பெனிகள் எல்லாவற்றிலும் ஒரு வரியைப் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே அச்சடிக்கச் சொல்கிறேன்: எங்கள் வங்கிக் கணக்கை மெயில் வழியாக ஒருபோதும் மாற்ற மாட்டோம், மாற்றம் என்று யார் எழுதினாலும், உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்கு அழைத்து எங்கள் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். மெயிலில் வந்த நம்பருக்கு அழைப்பதில் பயனில்லை, அந்த நம்பரும் திருடனுடையதாக இருக்கலாம். அவிநாசி ரோட்டுக் கம்பெனி இன்று இதை எல்லா பையர்களுடனும் விதியாகவே வைத்திருக்கிறது. பையர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் பணத்தின் மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று ஒருவர் எழுதியே அனுப்பினார். அந்தப் பெண் இப்போது அங்கே சீனியர் மெர்ச்சண்டைசர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ரூல்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டிச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுகிறாள்.